உடம்பில்லாத உணர்கொம்புகள்

வெடுக்கி அடிவயிற்றைத் தூக்கி மறுபடியும் அபாய வாசத்தைப் பீய்ச்சினாள். யாரும் வரவில்லை.

கூட்டின் உள்மூலையில் ஒருத்தி, தூங்கும் குஞ்சுப் புழு ஒன்றைக் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தாள். குஞ்சுகளைத் தூக்கி இடம் மாற்றுவது முசுறு எறும்புகளின் அன்றாட வேலைதான். ஆனால் இவள் இழுக்கும்போதே உறிஞ்சினாள். குஞ்சு பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது.

“விடுடி அதை!”

“ஏன்டி இப்படி வாசத்தை வீணடிக்கிறே?” அவள் நிதானமாகத் திரும்பினாள். “கூடு முழுக்க ஒரே நெடி. குஞ்சுங்க தூங்குதில்ல?”

அவள் பெயர் இதமி. போன வாரக் காற்றில் உச்சிக் கூட்டிலிருந்து விழுந்துவிட்டதாகச் சொல்லி நொண்டிக்கொண்டு வந்தவள். பேச்சு மெதுவாக இருக்கும், கேட்கக் கேட்க இதமாக இருக்கும். நோயாளிக் குஞ்சுகளைத் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று மூலையில் வெள்ளைத் திரை ஒன்றைக் கட்டிக்கொண்டாள். எவ்வளவு நல்ல மனசு என்று எல்லோரும் சொன்னார்கள்.

வெடுக்கி பாய்ந்து அந்தத் திரையின் ஓரத்தைக் கிழித்தாள்.

உள்ளே நோயாளிக் குஞ்சுகள் இல்லை. காலி மேல்தோல்கள் குவிந்து கிடந்தன. அவற்றின்மேல் குட்டிச் சிலந்திகள் மொய்த்தன. ஒவ்வொன்றும் முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, உணர்கொம்பு போல ஆட்டி ஆட்டி, எறும்பு நடை பழகிக்கொண்டிருந்தது.

“நீ சிலந்தி!” என்றாள் வெடுக்கி.

“நான் உன் அக்கா,” என்றாள் இதமி.

வெடுக்கி இன்னொரு முறை பீய்ச்சினாள். அத்தோடு அவள் வயிற்றுப் பை வற்றிவிட்டது. வாசலைப் பார்த்தாள். காவல்காரி நெருடி அங்கேதான் நின்றாள். அசையவில்லை.

குளக்கரை மாமரத்தில் முசுறுகளுக்கு ஏகப்பட்ட கூடுகள். குஞ்சுகள் கக்கும் இழையால் இலையோடு இலையைத் தைத்த கூடுகள். மரம் முழுவதற்கும் ஒரே சட்டம். ஆபத்தைப் பார்த்தவள் வாசம் விட வேண்டும். வாசம் எட்டியவள் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். வரும் வழியில் தானும் வாசம் விட வேண்டும். கூட்டுக்குக் கூடு அது தாவும். கண் மூடித் திறப்பதற்குள் மரமே சண்டைக்கு நிற்கும். குரங்குகூட இந்த மரத்து மாங்காயைத் தொடாது.

அந்தச் சட்டத்துக்கு ஒரு மறுபாதி உண்டு. வாசம் வராமல் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது.

வெடுக்கி வாசலுக்கு ஓடினாள். “நெருடியக்கா! உள்ளே சிலந்தி! குஞ்சுகளைத் தின்னுது!”

“வாசம் வரலையே.”

“நான் மூணு தடவை விட்டேன்!”

“எனக்கு வரல.”

“உன் பின்னாடிதானே நின்னு விட்டேன்!”

“வந்திருந்தா நான் போயிருப்பேன்ல? வரலைன்னா வரலைதான்.” நெருடிக்குக் கோபம் வருவதில்லை. வாசல் அவளுடையது, சட்டம் அவளுடையது. “சரி, கூப்பிடு அவளை. பார்த்துடுவோம்.”

இதமி தானாகவே வந்து நின்றாள். நெருடி தன் உணர்கொம்புகளை முன்கால் மடிப்பிலிருக்கும் சின்னச் சீப்பில் இழுத்துத் துடைத்துக்கொண்டாள். துடைக்காத கொம்பால் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது எறும்புகளின் வழக்கம். பிறகு இதமியைத் தலையிலிருந்து வயிற்று நுனி வரை தடவினாள்.

“நம்ம வாசம்தான்,” என்றாள்.

“நம்ம செத்தவங்க தோலைத் தேச்சுக்கிட்டா நம்ம வாசம்தான் வரும்! கண்ணால பார்த்தேன்க்கா! நீயும் வந்து பாரு!”

“வாசம் வராம நான் நகர மாட்டேன். கண்ணு பொய் சொல்லும். வாசம் பொய் சொல்லாது.”

“பாவம், வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டா,” என்றாள் இதமி. “தலை சுத்துது போல. கொஞ்சம் படுக்க வைங்க.”

சுற்றி நின்ற சகோதரிகள் இரக்கத்தோடு பார்த்தார்கள். அந்த இரக்கத்தில்தான் வெடுக்கிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அப்படின்னா கூட்டை அறுக்கலாம்! வாங்க, இப்பவே!”

கூடறுப்பு என்பது முசுறுகளின் கடைசி வழி. ஒரு கூட்டுக்குள் பகை புகுந்து இனி மீட்க முடியாது என்றால், உள்ளே இருப்பவர்களே தையலைக் கடித்து அறுத்துவிடுவார்கள். கூடு கீழே போகும். அவர்களும் போவார்கள். மரம் பிழைத்துக்கொள்ளும். இதை யாரும் பெரிய தியாகம் என்று பேசுவதில்லை. அவர்களுக்கு அது வாசல் கூட்டுவது மாதிரி ஒரு கடமை.

“அடடா, சாகவா சொல்றே?” இதமியின் குரல் நடுங்கியது. “இத்தனை குஞ்சுங்களை வச்சுக்கிட்டா? வாழத்தானே கூடு கட்டினோம்?”

“ஆமா, அதானே,” என்று யாரோ சொன்னார்கள்.

வெடுக்கி காத்திருக்கவில்லை. கூரைத் தையலில் ஏறி நறுக்கென்று கடித்தாள். தாடை ஒட்டிக்கொண்டது. அவள் கடித்தது தையலே இல்லை. தையலுக்கு முன்னால், தையலைப் போலவே ஒரு பசை இழை ஓடியது. நிஜத் தையல் அதற்குப் பின்னால் பத்திரமாக இருந்தது. எதைக் கடிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்து யாரோ கடிப்பதற்கென்றே ஒரு தையலைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அவள் பிய்த்துக்கொண்டு விடுபட்டபோது இதமி பக்கத்தில் வந்துவிட்டாள்.

“கொஞ்சம் வெளிக்காத்து வாங்கிட்டு வா, தங்கச்சி,” என்று சொல்லி, வாசல் வழியே அவளை மெல்லத் தள்ளினாள்.

*

வெடுக்கி மாம்பூ உதிர்வதுபோல உதிர்ந்து, ஈச்சம் புதரின் அடியில் விழுந்தாள். அடி எதுவும் படவில்லை. எழுந்து நின்றதும் முதலில் மரத்தைப் பார்த்துக் கத்தினாள். “வர்றேன்டி! இரு!”

“யாருடா அது, தூங்க விடாம?” புதருக்குள்ளிருந்து கரகரப்பான குரல் ஒன்று வந்தது.

சாம்பல் காட்டுச் சேவல் ஒன்று உள்ளே முடங்கிக் கிடந்தது. கொண்டையிலும் கண்ணோரங்களிலும் கறுத்த பொருக்குகள்.

“என் கொண்டையைப் பார்க்காதே!” என்றது சேவல்.

“எனக்கு எதுக்கு உன் கொண்டை? வழி விடு, மரமேறணும்.”

“எல்லாரும் பார்க்கிறாங்க. குளத்துத் தவளைகூடப் பார்த்துச் சிரிச்சுது. அம்மைன்னா எல்லாருக்கும் வர்றதுதானே? எனக்கு வந்தா மட்டும் வேடிக்கை!”

அம்மை என்றதும் வெடுக்கி ஒரு காலை எடுத்துப் பின்னால் வைத்தாள்.

“பயப்படாதே. எறும்புக்கெல்லாம் ஒட்டாது. ஆறிக்கிட்டும் வருது,” என்றது சேவல். பேச ஆள் கிடைத்ததில் அதற்கு உற்சாகம். “ஒரு கொசு கடிச்சுது. கொசுதானேன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? ஒண்ணுமே நடக்கல! அதுதான் கொடுமை. தின்னேன், கூவினேன், பெட்டைகளைத் துரத்தினேன். அதுக்குள்ள உள்ளே புகுந்தது குடும்பம் நடத்திப் பிள்ளை குட்டியே பெத்துருச்சு.”

வெடுக்கி நின்றுவிட்டாள். “உடம்பு சத்தம் போடலையா?”

“எங்கே போட்டுச்சு? காய்ச்சல் வந்திருக்கணும். வரல. ஒரு வீக்கமாவது வந்திருக்கணும். அதுவும் வரல. காய்ச்சல் வந்தாத்தானே உடம்பு முழிச்சுக்கும்? அதை வர விடாம வழியிலேயே மடக்கிருச்சு இந்தத் திருட்டு நோய்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“உடம்பு யாரோடது? எனக்குத் தெரியாதா?” சேவல் சிலிர்த்துக்கொண்டது. “என் உடம்பு முட்டாள் இல்ல, பொடிசு. அது கத்தியிருக்கும். கத்தினது எங்கேயும் போய்ச் சேரல. என் தோலையே போத்திக்கிட்டு எனக்குள்ளேயே திரிஞ்சா எவன் கண்டுபிடிப்பான்?”

“அப்புறம் எப்படிப் பிழைச்சே?”

“எரிச்சல்தான் காப்பாத்துச்சு. திடீர்னு ஒரு நாள் கண்ணு எரிஞ்சுது, மூஞ்சி எரிஞ்சுது, உடம்பெல்லாம் நெருப்பு. செத்தேன்னு நினைச்சேன். ஆனா அன்னிக்குத்தான் உடம்பு சண்டை போட ஆரம்பிச்சிருக்கு. எங்கேயோ ஒரு மூலை இன்னொரு மூலையைப் பிறாண்டி எழுப்பியிருக்கணும்.” சேவல் எழுந்து கழுத்தை நிமிர்த்தியது. “இன்னொரு தடவை வரட்டும் பார்க்கலாம்! இப்ப அதோட மூஞ்சி எனக்கு மனப்பாடம்!”

கூவுவதற்காக வாயைத் திறந்தது. காற்றுதான் வந்தது. வெட்கப்பட்டு மூடிக்கொண்டது.

வெடுக்கி அதற்குள் மரத்தில் பாதி தூரம் போயிருந்தாள்.

“ஏய் பொடிசு! எதுக்கு இந்த ஓட்டம்?”

“எங்க வீட்டுக்கும் அம்மை வந்திருக்கு, சேவலண்ணே! எட்டுக் கால் அம்மை!”

“அப்படின்னா கீழே தள்ளிவிடு! நான் சிலந்தி தின்னு ரொம்ப நாளாச்சு!”

*

தன் கூட்டுக்குப் போகும் கிளையில் வெடுக்கி மெதுவாக நடந்தாள். இத்தனை நாள் ஓடிய கிளைதான். இன்றுதான் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டின் வாசலைச் சுற்றி உள்ளும் புறமும் மெல்லிய இழைகள் கட்டியிருந்தன. இழைகளில் வரிசையாக என்னவோ தொங்கியது. காற்றில் லேசாக அசைந்தது. கிட்டே போனாள்.

உணர்கொம்புகள். எறும்புகளின் உணர்கொம்புகள்.

மரத்தடிக் குப்பை மேட்டில் வீசப்படும் சகோதரிகளின் பிணங்களிலிருந்து வெட்டி எடுத்தவை. ஒவ்வொன்றும் ஈரமாகப் பளபளத்தது. வெடுக்கி முகர்ந்தாள். அது அவளுடைய வாசம். சற்று முன் அவள் பீய்ச்சியது அத்தனையும் அங்கேதான் இருந்தது. அவை ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தன.

நுனி வளைந்த கொம்பு ஒன்றை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. குளவியோடு மல்லுக்கு நின்று செத்த சிமிட்டியுடையது. உயிரோடு இருந்தபோது சிமிட்டிதான் எந்த வாசத்துக்கும் முதலில் ஓடிவருவாள். இப்போதும் முதல் இழையில் அவள் கொம்புதான் தொங்கியது. வாசத்தை வாங்கியிருந்தது. ஓடிவர உடம்பில்லை.

வெடுக்கி அந்த இழையைக் கடித்து அறுத்தாள். சிமிட்டியின் கொம்பு கீழே போனது. உடனே வாசல் இடுக்கிலிருந்து ஒரு குட்டிச் சிலந்தி எட்டிப் பார்த்து, அங்கே புதிதாக இரண்டு கொம்புகளைக் கட்டிவிட்டு ஓடியது. இன்னொன்றை அறுத்தாள். அங்கேயும் இரண்டு முளைத்தன. அவள் அறுக்கும் வேகத்தைவிட அவை கட்டும் வேகம் அதிகமாக இருந்தது.

அவள் நிறுத்தினாள். உள்ளே குஞ்சுகள் இருந்தன. நேரம் இல்லை. திரும்பி, அடுத்த கூட்டை நோக்கி ஓடினாள்.

அடுத்த கூட்டு வாசலில் பிடாரி நின்றாள். தாடை பெரியது. பெயருக்கேற்ற குணம்.

“அக்கா, எங்க கூட்டுக்குள்ள சிலந்தி. எல்லாரையும் கூப்பிடு!”

“வாசம் விடு.”

“தீர்ந்துபோச்சு. மூணு தடவை விட்டுட்டேன்.”

“அப்ப ஊறினதும் வா.”

“அதுக்குள்ள குஞ்சு ஒண்ணு மிஞ்சாதுக்கா! அடுத்தது உன் கூடுதான்!”

“ஏய்.” பிடாரி குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தாள். “வாசமில்லாம வந்து வாயால ஊரைக் கூட்டறவளை நம்பினா, மரம் என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு எவ வேணா வந்து எதை வேணா சொல்லுவா. போ.”

அவள் சொன்னதும் நியாயம்தான். அதனால்தான் வெடுக்கிக்கு வேறு வழி தெரியவில்லை.

முசுறுகள் எதைக் கண்டாலும் கடிக்கும். மாட்டைக் கடிக்கும், மனிதனைக் கடிக்கும், ஒட்டிக்கொண்ட தாடையை எடுக்காமலே சாகும். ஆனால் கூடப் பிறந்தவளைக் கடிப்பதில்லை. கடித்தவளைப் பிய்த்துப் போடுவதுதான் சட்டம். பிய்த்துப் போட வேண்டிய அவசியம் இதுவரை வந்ததே இல்லை.

வெடுக்கி ஒரு முறை மூச்சை இழுத்துக்கொண்டாள். பிடாரியின் நடுக்காலில் பற்கள் பதியும்படி கடித்தாள்.

பிடாரிக்கு முதலில் புரியவே இல்லை. பிறகு வலி ஏறியது. கேட்காமலே, நினைக்காமலே, அவள் வயிறு தூக்கிக்கொண்டது. அபாய வாசம் புகை போலக் கிளம்பியது. அந்தக் கூட்டு வாசலில் செத்த கொம்புகள் எதுவும் தொங்கவில்லை. உயிருள்ள கொம்புகள் இருந்தன. ஆயிரக்கணக்கில்.

கூடு கொதித்துப் பொங்கியது.

“கடிச்சுட்டா! கூடப் பொறந்தவளைக் கடிச்சுட்டா!”

“பிடிங்கடி!”

வெடுக்கி திரும்பி ஓடினாள். தன் கூட்டை நோக்கி. பின்னால் கிளையே சிவந்து வந்தது.

பாதி வழியில் ஒருத்தி எட்டி அவளுடைய வலது முன்காலைக் கவ்விவிட்டாள். வெடுக்கி இழுத்தாள். வரவில்லை. “வச்சுக்கோ!” என்று சொல்லி உடம்பை முறுக்கினாள். கால் அவர்களிடம் நின்றுவிட்டது. அவள் நொண்டிக்கொண்டு ஓடினாள்.

வாசல் வந்தது. துரத்தி வந்த கூட்டம் பீய்ச்சிய வாசத்தைச் செத்த கொம்புகள் குடித்தன. இன்னும் வந்தது. அதையும் குடித்தன. இன்னும் வந்தது. அவை நனைந்து, கனத்து, சொட்டத் தொடங்கின. செத்த கொம்புகள் எவ்வளவுதான் குடிக்கும்? மிச்சம் அவற்றைத் தாண்டிக் கூட்டுக்குள் போனது.

நெருடி நிமிர்ந்தாள்.

“வாசம்!” என்றாள். “வருது! வாசம் வருது!”

நெருடியின் கூட்டார் எல்லோரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். வெடுக்கி இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள்.

*

“இவதான்!” முதலில் கத்தியது இதமி. “அக்காவையே கடிச்ச பாவி! நான் அப்பவே சொன்னேனே, இவளுக்குப் பித்துப் பிடிச்சிருக்குன்னு! கொல்லுங்க!”

“கொல்லு!” என்றது கூட்டம்.

பிடாரி நொண்டியபடி முன்னால் வந்தாள். “நீ கடிச்சியா, இல்லையா?”

“கடிச்சேன்.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான். கூப்பிட்டா வந்தீங்களா? கடிச்சதும் எல்லாரும் வந்துட்டீங்க!”

கூட்டம் உறுமியது.

“கொல்லுங்க,” என்றாள் வெடுக்கி. “நான் ஓடப்போறதில்ல. ஆனா வழக்கப்படி கொல்லுங்க. தூசி படிஞ்ச கொம்போட யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. எல்லாரும் கொம்பைத் துடைங்க. எல்லாரும்! ஒருத்தி பாக்கியில்லாம!”

வழக்கம் வழக்கம்தான். கிளை முழுவதும் எறும்புகள் முன்காலை மடக்கி, மடிப்பிலிருக்கும் சீப்பில் உணர்கொம்பை இழுத்துத் துடைத்தன. வெடுக்கி இடது கொம்பைத் துடைத்துக்கொண்டாள். வலது கொம்பைத் துடைக்க அவளுக்குக் கால் இல்லை.

ஒருத்தி மட்டும் துடைக்கவில்லை.

“என்னோடது சுத்தமாத்தான் இருக்கு,” என்றாள் இதமி.

“துடை,” என்றாள் பிடாரி.

“எதுக்கு வீணா நேரத்தை...”

“துடைக்கச் சொன்னேன்.”

இதமி ஒரு காலைத் தூக்கி, தலைக்கு மேலே நின்ற கொம்பைத் தொட்டாள். மடிப்பில் சீப்பு இல்லாததால் அது வழுக்கியது. மறுபடி தொட்டாள். கொம்பு நடுவில் முழங்கால் போல மடிந்தது. நுனியில் நகம் இருந்தது. நிலை தடுமாறி, அவள் அந்தக் கொம்பைக் கிளையில் ஊன்றி நின்றாள்.

நெருடி அதைப் பார்த்தாள். கண்ணால்தான் பார்த்தாள்.

“கொம்புல நடக்கறா,” என்றாள் மெதுவாக.

பிடாரி அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கவில்லை. அவளுடைய தாடை இதமியின் இடுப்பில் இறங்கியது. அதே நேரம் உள்ளே திரை முழுவதும் கிழிந்து, குட்டிச் சிலந்திகள் கொட்டின. சில எறும்பு வாசத்தோடு வந்தன. சில எறும்பு போலவே, “அக்கா, அக்கா!” என்று கூவிக்கொண்டு வந்தன.

“அறுங்க!” என்று வெடுக்கி கத்தினாள். “கூட்டை அறுங்க! உள்ளேயிருந்து கடிக்காதீங்க, அங்கே பசை! வெளியிலிருந்து அறுங்க! வெளித் தையல்ல அவ கை வைக்கல!”

பிடாரியின் ஆட்கள் வெளிப்புறமாகப் படர்ந்தார்கள். தாடைகள் தையலில் விழுந்தன. உள்ளே இருந்தவர்கள் மிஞ்சிய குஞ்சுகளைக் கவ்வித் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். குட்டிச் சிலந்திகளும் அவர்கள் பின்னாலேயே வாசலுக்கு ஓடிவந்தன.

வாசலில் நெருடி குறுக்கே நின்றாள். ஒவ்வொன்றையும் தடவி அனுப்ப நேரமில்லை. கடைசிக் குஞ்சு வெளியே வந்ததும், இரண்டு பக்கத்து இலையையும் கால்களால் பற்றி இழுத்தாள். வாசல் மூடிக்கொண்டது. அவள் உள்பக்கம் நின்றாள்.

“அக்கா, வெளியே வா! தையல் விடுது!” வெடுக்கி இடுக்கு வழியே கத்தினாள். “நானும் பிடிக்கிறேன்!”

“உனக்குக் கால் பத்தாதுடி.”

“அக்கா!”

“நகர மாட்டேன்னு சொன்னேன்ல?” என்றாள் நெருடி. அவள் குரலில் கோபம் இல்லை. “வாசல் என்னோடது. நீ அந்தக் குஞ்சைத் தூக்கிட்டுப் போ.”

கடைசித் தையல் விட்டது. கூடு ஒரு பக்கமாகச் சாய்ந்து, இலைகளில் உரசி, மரத்தை விட்டுப் போனது. இடுப்பு முறிந்த இதமியைப் பிடாரி அதன் பின்னால் உதறினாள்.

கீழே இறக்கைகள் படபடத்தன.

“இதுவா? இதுவா உங்க அம்மை?” சேவலின் குரல் கேட்டது. கொத்தும் சத்தம் கேட்டது. “என்கிட்டயேவா எறும்பு வேஷம்? எறும்புன்னா புளிக்கும்! நீ புளிக்கலையே!”

கொத்து வெகுநேரம் நிற்கவில்லை. பிறகு குளக்கரையிலிருந்து ஒரு கூவல் எழுந்தது. பாதியில் உடைந்தது. மறுபடி எழுந்தது.

நெருடி திரும்பி வரவில்லை.

*

மறுநாள் காலையில் அதே கிளையில் புதுக் கூடு தைத்தார்கள். வரிசையாக நின்று இலையை இழுத்துப் பிடித்தார்கள். பிழைத்த குஞ்சுகளை வாயில் பிடித்து, இலைக்கும் இலைக்கும் நடுவே அங்கும் இங்குமாக ஆட்டினார்கள். குஞ்சுகள் இழை கக்கின.

வெடுக்கி இன்னும் முழுதாக மூடாத வாசலில் நின்றாள். நிற்கும்படி யாரும் சொல்லவில்லை. போகும்படியும் யாரும் சொல்லவில்லை.

பிடாரி கிளை வழியாக வந்தாள். கடிபட்ட கால் வீங்கியிருந்தது.

“கடிச்சது கடிச்சதுதான்,” என்றாள்.

“ஆமா.”

“சட்டத்துல அதுக்கு மன்னிப்புன்னு எதுவும் கிடையாது.”

“நான் கேக்கலையே. நாளைக்கே செத்த கொம்பைக் கட்டிக்கிட்டு இன்னொருத்தி வந்தா மறுபடியும் கடிப்பேன். அதே கால்ல!”

“இன்னொரு கால்ல கடி. இது வலிக்குது.”

தையல்காரிகளில் ஒருத்தி சிரித்துவிட்டு, சிரித்தது தானில்லை என்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

“வாசம் வராட்டியும் வருவீங்களா இனிமே?” என்று வெடுக்கி கேட்டாள்.

பிடாரி வாசலைப் பார்த்தாள். கிளையைப் பார்த்தாள். கிளை நெடுகப் பார்த்து அறுத்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது அவள் கால்களில் ஒட்டியிருந்த அறுந்த சிலந்தி இழைகளில் தெரிந்தது. வெடுக்கியின் வலது கொம்பில் நேற்றைய தூசி அப்படியே இருந்தது. பிடாரி தன் முன்காலை மடக்கி, அந்தக் கொம்பைத் தன் சீப்பில் வைத்து, அடியிலிருந்து நுனிவரை ஒரு முறை இழுத்துத் துடைத்தாள். பிறகு தையல் வரிசையில் போய் நின்று இலையைப் பிடித்தாள்.

உடம்புக்குள் புகும் அம்மைக் கிருமியும் ஊருக்குள் புகும் வஞ்சகரும் முதலில் விழுங்குவது அபாயக் குரலைத்தான். ஆகவே, அமைதியாக இருக்கிறதே என்று நம்பிச் சும்மா இருக்காமல், வழக்கத்தை மீறியாவது அடுத்தவரை எழுப்ப வேண்டும்.